கார்டினல் டெட்ராவும் மிஸ் கேரளாவும்

ஆற்றில் பிடித்த மீனை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதே பாவம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒரேயடியாக அப்படிச் சொல்லிவிட முடியாது. பிரேசிலின் பார்சிலோஸ் ஊரில் கார்டினல் டெட்ரா என்ற சின்ன வண்ண மீனைப் பிடித்தே பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அங்குள்ள ரியோ நெக்ரோ ஆற்றில் வெள்ளம் வடியும்போது குட்டைகளில் சிக்கி அந்த மீன்கள் எப்படியும் ஏராளமாகச் சாகும்.

மிஸ் கேரளா என்ற மீனின் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சில ஆறுகளில் மட்டுமே இருக்கும், அழிவின் விளிம்புக்கு வந்துவிட்ட மீன். சென்னை கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடையில் பார்த்தேன். பாலிதீன் பையில் நாலு. ஒன்றுக்குச் சிவப்புக் கோடு வெளுத்து, வால் கிழிந்திருந்தது. "ஆத்து மீனா, பண்ணை மீனாண்ணே?" என்றேன். "மீன்னா மீன்தான் தம்பி" என்றார் கடைக்காரர். இத்தனைக்கும் இதைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். வாங்காமல் வந்துவிட்டேன்.