விளையாட்டில் பட்ட அடியும் வீதியில் பட்ட அடியும்

தலையில் அடிபட்டு வரும் மூளையதிர்வு (concussion) இரண்டு கிழமையில் மாறிவிடும் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன், விளையாட்டில் அடிபடும் பெரியவர்களில் அனேகருக்கு அது சரிதான். 2019 ஓகஸ்டில் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஆர்ச்சரின் பந்தில் அடிபட்ட அவுஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஸ்டீவ் ஸ்மித் ஒரேயொரு டெஸ்டை விட்டுவிட்டு அடுத்ததில் வந்து 211 அடித்தார். ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் இடித்து த்ரீவீலரோடு கவிழ்ந்த என் மச்சாளுக்கு மாதக்கணக்காகத் தலைச்சுற்று, கழுத்துப் பிடிப்பு, காலி வீதியில் (Galle Road) ஹோர்ன் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். வாகன விபத்தில் கழுத்தும் சேர்ந்து உலுக்கப்படுகிறது, அப்புறம் பயம், நித்திரையின்மை, அதனால்தான் பலருக்கு இழுபடுகிறது. வீரருக்குப் பக்கத்திலேயே பிசியோ, இவவுக்கோ ஸ்கேன் நோர்மல், பனடோல், வீட்டுக்குப் போங்கோ. ஓரிரு நாளுக்கு மேல் இருட்டறையில் படுத்துக் கிடப்பதும் உதவாது, கழுத்துக்குப் பிசியோதெரபி தேவையா என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கோ.