வங்கதேசத்துக்கு 10,000 ஏக்கர் தாரைவார்க்கப்பட்டதா?

“2015-இல் 10,000 ஏக்கர் இந்திய மண்ணை வங்கதேசத்துக்குத் தாரைவார்த்துவிட்டார்கள்” என்ற தகவல் வாட்ஸ்அப்பில் வலம்வருகிறது. இது உண்மையைத் திரித்துச் சொல்வது.

நடந்தது பரிமாற்றம். வங்கதேசத்துக்குள் சிக்கியிருந்த 111 இந்தியத் துண்டுநிலங்கள், சுமார் 17,160 ஏக்கர், அந்நாட்டுக்குப் போயின. இந்தியாவுக்குள் இருந்த அவர்களுடைய 51 துண்டுகள், சுமார் 7,110 ஏக்கர், நமக்கு வந்தன. கழித்துப் பார்த்தால் 10,000 ஏக்கர் வித்தியாசம் வருவது சரிதான். ஆனால் அந்த 17,160 ஏக்கரும் பெயரளவில்தான் இந்தியா; நடைமுறையில் நம் கையில் இல்லை. நான்கு பக்கமும் அந்நிய நாடு. தஹாலா காக்ராபாரி என்ற சணல் வயலைப் பாருங்கள்: வங்கதேசத்துக்குள் இந்தியத் துண்டு, அதற்குள் வங்கதேசத் துண்டு, அதற்குள் மீண்டும் இந்திய நிலம்!

அங்கெல்லாம் இந்தியப் பள்ளியோ காவல் நிலையமோ வாக்குச்சாவடியோ கிடையாது. பரிமாற்றத்தின்போது எந்தக் குடியுரிமை வேண்டும் என்று மக்களிடமே கேட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நாடற்றவர்களாய் வாழ்ந்தவர்களுக்குக் கிடைத்த அந்த உரிமையை ‘தாரைவார்ப்பு’ என்று சொல்வது பெரும் அநியாயம்.

இரகசியமாகவும் எதுவும் நடக்கவில்லை. 1974-இல் இந்திரா காந்தியும் அன்றைய வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இது. 2015 மே மாதம் நூறாவது அரசியல் சட்டத் திருத்தமாக நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. ஜூலை 31 நள்ளிரவில் நடைமுறைக்கு வந்தது.