டார்க் மோடு: தளத்துக்குத் தளம் ஒரு சுவிட்ச் வேண்டும்

போன மாதம் ஒரு ராத்திரி, அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவை ஆய்வகத்தின் தளத்தில் திறந்து பார்த்தேன். மணி பதினொன்று. எந்தத் தளமானாலும் கறுப்பாக்கிவிடு என்று குரோமில் போட்டு வைத்திருந்த நேரம் அது. "எல்லாம் சரியாத்தான் இருக்குப்பா, தூங்குங்க" என்றேன். மறுநாள் அச்செடுத்த தாளைப் பார்த்தால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு சிவப்பு எழுத்தில் இருக்கிறது. ராத்திரி பிரவுசர் நிறங்களைப் புரட்டிப் போட்டதில் அந்தச் சிவப்பு வெளுத்துப்போய் மற்ற எண்களோடு எண்ணாகக் கலந்திருக்கிறது. லேசான ஏற்றம்தான், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். ஆனாலும் மனசு ஆறவில்லை.

திரையைக் கறுப்பாக்கி எழுத்தை வெளுப்பாக்கும் இந்த டார்க் மோடு கூடாது என்று சொல்லவே மாட்டேன். நான் மெய்ப்புத் திருத்துபவள். பக்கத்தில் குழந்தை தூங்கும்போது, விளக்கை அணைத்துவிட்டுத்தான் பாதி வேலை நடக்கிறது. வெள்ளைத் திரை அந்த நேரத்தில் கண்ணில் குத்தும்.

ஆனால் இருட்டில் இரண்டு வகை உண்டு. 2019-இல் ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 13 இரண்டும் டார்க் மோடோடு வந்தன. சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றும் அதே ஆண்டில், "இவருக்கு இருள் பிடிக்கும்" என்று தளத்துக்குச் சொல்லக் கற்றுக்கொண்டன. தளத்தைக் கட்டியவர் இருளுக்கென்று தனியாக நிறம் அமைத்திருந்தால் அது வரும். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. 2024-இல் விக்கிப்பீடியாவில் வந்தது அப்படிப்பட்டது. அமைக்காத தளத்தைப் பிரவுசரே வலுக்கட்டாயமாகக் கறுப்பாக்குவது, இருக்கிற சட்டையைச் சாயத் தொட்டியில் முக்குவது. பின்னணி இல்லாத படத்தில் கறுப்பு மையில் இருக்கும் கையெழுத்து அப்படியே மறைந்துபோகும். அப்பாவின் அறிக்கைக்கு நடந்ததும் இந்தச் சாயம்தான்.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு தளத்தில் எழுத்தை 125 சதவீதம் பெரிதாக்கினால் குரோம் அதை அந்தத் தளத்துக்கு மட்டும் நினைவில் வைக்கிறது. கேமரா, மைக், இருப்பிடம், சத்தம் எல்லாவற்றுக்கும் தளத்துக்குத் தளம் அனுமதி வைத்திருக்கிறது. நிறத்துக்கு மட்டும் ஏன் ஊருக்கெல்லாம் ஒரே சட்டம்? கணினிக் குரோமில் இந்த வலுக்கட்டாய இருள் இன்னும் சோதனை அம்சங்களின் பக்கத்தில்தான் கிடக்கிறது. போட்டால் எல்லாத் தளத்துக்கும். ஃபயர்ஃபாக்ஸ் செட்டிங்ஸில் வெளிச்சமா இருளா என்று தேர்ந்தெடுக்கலாம். அதுவும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

தமிழ் வாசிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம். நம் எழுத்தில் ஒரு புள்ளிதான் 'கண'வையும் 'கண்'ணையும் பிரிக்கிறது. இருண்ட திரையில் கண்ணின் பாப்பா விரியும். எனக்கு இருப்பதுபோல் சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) இருந்தால், கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து ஒளிக்கசிவோடு தெரியும், மெல்லிய எழுத்துருவில் புள்ளி அந்தக் கசிவிலேயே கரைந்துவிடும். அதனால் மெய்ப்பு பார்க்கும் பக்கம் எனக்கு வெள்ளையாகவே வேண்டும், செய்தித் தளம் கறுப்பாக வேண்டும், ஒரே ராத்திரியில், ஒரே பிரவுசரில்.

பேட்டரி மிச்சமாகும் என்பார்கள். கறுப்பு வரும் இடத்தில் விளக்கே எரியாத ஓஎல்இடி வகைத் திரையில் வெளிச்சத்தை முழுசாக வைத்தால் நிஜமாகவே நிறைய மிச்சம். 30-50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான் என்று அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021-இல் அளந்து சொன்னது. அதற்காக ஒரு எண்ணைத் தவறவிட முடியாது.

இப்போதைக்கு டார்க் ரீடர் என்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் வெளியார் நிரலை, வைத்துச் சமாளிக்கிறேன். ஐகானைத் தட்டி, மேலே தெரியும் தளத்தின் பெயரைத் தொட்டால் அந்தத் தளம் மட்டும் பழையபடி வெளிச்சமாகும். கணினியில் ஆல்ட், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். வெளிச்சமும் கான்ட்ராஸ்டும்கூடத் தளத்துக்குத் தளம் வைக்கலாம். நல்ல கருவி, மூலநிரல் திறந்தது. ஆனால் நாம் பார்க்கும் எல்லாப் பக்கத்தையும் வாசிக்க, மாற்ற அதற்கு அனுமதி தர வேண்டியிருக்கிறது. வங்கித் தளமும் அதில் அடக்கம். பிரவுசரே செய்ய வேண்டிய வேலைக்கு இவ்வளவு பெரிய சாவியை வெளியாளிடம் கொடுக்க வேண்டியிருப்பதுதான் என் வருத்தம்.

தளம் கட்டுகிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நிறத்திலேயே பொருள் இருக்கும் பக்கங்களில், மருத்துவ அறிக்கை, வரைபடம், தேர்வு முடிவு போன்றவற்றில், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் நிரலில் கலர்-ஸ்கீம் என்ற இடத்தில் 'ஒன்லி லைட்' என்று ஒரு வரி எழுதுங்கள். குரோமின் தானியங்கி இருள் அந்தப் பக்கத்தைத் தொடாது. சிவப்பு எண்ணுக்குப் பக்கத்தில் 'அதிகம்' என்று எழுத்திலும் போட்டுவிடுங்கள்.