தண்ணீர் ஊற்றும் முன்

புது கிராபிக்ஸ் கார்டு வந்து நாலு நாள் ஆகிறது. ஃபேனுக்குப் பதிலாகத் தண்ணீரால் கார்டைக் குளிர்விக்கும் வாட்டர் பிளாக்கும் பக்கத்திலேயே பெட்டிக்குள் தூங்குகிறது. உடனே மாட்டிவிட முடியுமா? முடியாது. முதலில் கம்பெனி ஃபேனோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். சூட்டை உறிஞ்சும் உலோக ஹீட்சிங்கைக் கழற்றிய பிறகு கார்டு பழுதென்று தெரிந்தால், சில கம்பெனிகள் கிழிந்த ஸ்டிக்கரைக் காட்டிக் கையை விரித்துவிடும்.

சரி, ஓட்டிப் பார்க்கலாம் என்றால் அதுதான் கொடுமை. பழைய கார்டு ஏற்கெனவே லூப்பில், அதாவது தண்ணீர் சுற்றிவரும் குழாய்ச் சுற்றில், மாட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை எடுக்கக் குழாயில் ஓடும் கூலன்ட் திரவம் முழுவதையும் வடிக்க வேண்டும். ராத்திரி கண்விழித்துச் சூடுகாட்டி வளைத்த அக்ரிலிக் குழாய்களைக் கழற்ற வேண்டும். பிராசஸரும் அதே லூப்பில்தான், அதற்கு ஒரு தற்காலிக ஏர் கூலர் தேட வேண்டும். இத்தனையும் வெறும் சோதனைக்கு!

அத்தனையும் முடித்த அப்புறம், கார்டைக் கசக்கிப் பிழியும் சோதனை மென்பொருளான ஃபர்மார்க்கை ஓட்டிவிட்டு அரை மணி நேரம் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழுதைக் காட்டும் புள்ளி, கோடு எதுவும் இல்லை. சிப்பில் அதிகம் சூடாகும் இடமான ஹாட்ஸ்பாட்டும் 90 டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் மூன்று ஃபேனும் போட்ட இரைச்சலில் காயில் வைன் (கார்டின் கம்பிச் சுருள்கள் அதிர்ந்து போடும் கீச்சொலி) இருக்கிறதா என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. தண்ணீருக்கு மாறி, ஃபேன் சத்தம் அடங்கிய பிறகுதான் அந்தக் கீச்சொலி காதில் விழும். அப்போது யாரிடம் போய் முட்டிக்கொள்வது?