வாட்டம் எந்தப் பக்கம்?

பக்கத்து மனையில் வேலை ஆரம்பித்தபோது எனக்குச் சந்தோஷம்தான். பல வருஷமாகப் புதர் மண்டிக் கிடந்த இடம் அது. லாரி லாரியாக மண் வந்து இறங்கியது, ரோலர் ஓடியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மனை எங்கள் தரையைவிட முழங்கால் உயரம் ஏறிவிட்டது. அப்புறம் வந்த முதல் பெருமழையில், ராத்திரி, பின்வாசல் படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. சேறு கரைந்த குழம்புத் தண்ணீர். மறுநாள் சுவரில் அது நின்ற கோடு தெரிந்தது. தரையிலிருந்து 11 செ.மீ. எத்தனை முறை தேய்த்தும் அந்தக் கோடு போகவில்லை.

கட்டுகிறவர்களிடம் போய்க் கேட்டேன். அனுமதி வாங்கிய வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். அதில் மனையின் வாட்டம், அதாவது தரையின் சரிவு, முன்பக்க வடிகாலை நோக்கி, அழகாக அம்புக்குறி போட்டு இருந்தது. தரையில் வாட்டம் எங்கள் சுவரைப் பார்த்து இருந்தது. அந்த அம்புக்குறி மண்ணிலும் இருக்கிறதா என்று ஒருவரும் வந்து பார்க்கவில்லை. என் கோபமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். வடிகால் விதிகள் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன. வேலை முடிந்த தரையை அளந்து பார்க்காமல் எந்தக் கட்டடத்துக்கும் நிறைவுச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் மனையில் 50 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். புல்லும் செடியுமாக இருந்தவரை அதில் பெரும்பகுதியை மண் குடித்துவிடும். கூரையும் கான்கிரீட்டும் வந்த பிறகு பத்தில் எட்டு ஒன்பது பங்கு ஓடி வெளியே வரும். கட்டாமல் விட்ட இடமும் பழைய மண்ணாக இருப்பதில்லை. ரோலரும் லாரியும் ஏறி இறங்கி இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்கவே இறங்காது. மேலே புல் பதித்தால் பார்க்கப் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான். அந்த மண்ணைக் கிளறி விட்ட பிறகே புல் பதிக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்தால் போதும்.

பல ஊர்களின் விதிகளில் இருக்கும் முக்கியமான நிபந்தனை இது: கட்டுவதற்கு முன் அந்த இடத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வெளியேறியதோ, கட்டிய பிறகும் அதைத் தாண்டக் கூடாது. நல்ல நிபந்தனைதான். அதற்காகக் குளம் மாதிரி ஒரு தேக்கம் வெட்டி, சின்ன வாய் வழியாக மெல்ல விடுகிறார்கள். ஆனால் வேகம் குறைகிறதே தவிர, தண்ணீரின் மொத்த அளவு குறைவதில்லை. முன்பு கொஞ்ச நேரத்தில் வடிந்தது இப்போது மணிக்கணக்கில் ஓடுகிறது, கீழே இருக்கும் ஓடையின் கரையை அரிக்கிறது. அதனால் அளவுக்கும் ஒரு வரம்பு வேண்டும். ஒரு பங்கையாவது அந்த மனையிலேயே மண்ணுக்குள் இறக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, '10 ஆண்டு மழை' என்ற சொல். பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் மழை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எந்த வருஷத்திலும் அது வர 10 சதவீத வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். அடுத்தடுத்த வருஷமும் வரலாம். இப்படி ஒரு மழையைக் கணக்கில் வைத்துத்தான் குழாயின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். குழாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லாத விதி அரைகுறை விதி. வழி காட்டாவிட்டால் அது பள்ளமான வீட்டைத் தேடி வரும். எங்கள் வீட்டுக்கு வந்த மாதிரி.

சின்ன மனைகளுக்கு விலக்கு கொடுப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய திட்டத்துக்கு ஆயிரம் நிபந்தனை போடுகிறார்கள், ஒற்றை வீட்டை விட்டுவிடுகிறார்கள். ஒரு தெருவில் முப்பது பேர் ஆளுக்கு ஒரு முழம் மேடாக்கினால் அதுவும் பெரிய திட்டம்தானே? எல்லாரிடமும் கனமான அறிக்கை கேட்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் வீடு கட்டப் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது ரொம்ப எளிது: அடித்தளத்திலிருந்து முதல் 10 அடிக்குள் தரை 6 அங்குலம் இறங்க வேண்டும். இதைச் சோதிக்க ஒரு கொத்தனார், ஒரு டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்), அரை மணி நேரம் போதும். தண்ணீரை வீட்டிலிருந்து விலக்கி அடுத்தவர் எல்லையில் விடாமல், வடிகால் வரை கொண்டுபோகிறார்களா என்பதையும் அந்த அரை மணி நேரத்திலேயே பார்த்துவிடலாம்.

ஒருவர் நிலத்தில் செய்த வேலையால் மழைநீரின் போக்கு மாறி அடுத்தவர் நிலம் கெட்டால் வழக்குத் தொடுக்கும் உரிமை பழைய ரோமானியச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் வழக்கு என்பது வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு நடப்பது. எனக்கு வேண்டியது அதற்கு முன்னால் ஒரு ஆள் வந்து அளப்பது.

இப்போது எதிர் மனையிலும் மண் இறங்க ஆரம்பித்திருக்கிறது. போன வாரமே அவர்களிடம் பேசி, அவர்கள் கொத்தனாரும் நானுமாக டியூப் லெவல் பிடித்து, இன்றைய தரை மட்டத்தை இரண்டு பக்கச் சுவரிலும் சிவப்பு பெயின்ட்டில் கோடு போட்டு வைத்தோம். தேதியும் எழுதியிருக்கிறோம்.