மடங்களை மூடியது 200 பவுண்ட் என்ற ஒரு கோடு

எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் மடாலயங்களை மூடியதைப் பேச ஆரம்பித்தாலே பேச்சு அவருடைய கல்யாணங்களுக்குப் போய்விடுகிறது. போப்போடு முறித்துக்கொண்டதற்கு அது காரணம்தான். ஆனால் சுமார் 800 மடங்கள் நான்கே ஆண்டுகளில் இல்லாமல் போனது ஏன் என்று அறிய, 1535இல் எடுத்த வருமானக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அரசரின் முதன்மை அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஏற்பாட்டில் நாடு முழுக்க நிலம், குத்தகை, தசமபாகம் எல்லாம் பதிவாயின. அடுத்த ஆண்டே சட்டம்: ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்தால் மடம் அரசருக்கு. சொன்ன காரணம் ஒழுக்கக்கேடு. பெரிய மடங்களில் சமயநெறி நன்றாகக் காக்கப்படுகிறது என்று அதே சட்டத்தின் முகவுரை கடவுளுக்கு நன்றியும் சொல்கிறது. வருமானம் கூடினால் ஒழுக்கமும் கூடிவிடுமா? அந்தச் சட்டம் பொய்க்காரணம் சொன்னது என்பதற்கு எனக்கு இதுவே போதும். பாராட்டப்பட்ட அந்தப் பெரிய மடங்களும் 1540 மார்ச்சுக்குள் முடிந்துபோயின. கடைசியாகப் போனது வால்தம்.

மூடும் முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சொத்துப் பட்டியல், ஒப்படைப்புப் பத்திரத்தில் மடத்தின் முத்திரை, பொன் வெள்ளி அரசருக்கு, தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு. பிறகு கூரையின் ஈயத் தகடுகள். அவற்றைப் பிரித்து, மடத்து மரங்களையே எரித்து அங்கேயே உருக்கிப் பாளமாக வார்த்தார்கள். மணிகளை உடைத்து உலோகமாக விற்றார்கள். ரீவோ மடத்தின் இடிபாட்டுக்கு அடியில் அரச முத்திரை குத்திய ஈயப் பாளங்கள் பின்னாளில் கிடைத்தன. ஈயம் நல்ல விலைக்குப் போனது என்பது பாதிக் காரணம்தான். 1536இல் வடக்கே கிளர்ச்சி வெடித்தபோது சாலி மடத்தில் துறவிகள் திரும்பக் குடியேறினார்கள். கூரை போய்விட்டால் மழைநீர் சுவரின் உள்நிரப்பில் இறங்கும், பனிக்காலத்தில் உறைந்து கல்லைப் பிளக்கும். யாரும் திரும்பி வர முடியாது.

டியூக்ஸ்பரி மக்கள் மணிக்கும் ஈயத்துக்கும் ஈடாக 453 பவுண்ட் கட்டித் தங்கள் ஊர் மடத்தின் கோயிலைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

பணிந்துபோன துறவிகளில் பலருக்கு ஆண்டுக்கு 5 பவுண்ட் அளவில் ஓய்வூதியம். பெண் துறவிகளுக்கு அதிலும் குறைவு. போதாததற்கு, 1539ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரமச்சரிய விரதம் தொடர்ந்ததால் அவர்கள் கல்யாணமும் செய்துகொள்ள முடியாது. வீட்டையும் பறித்து, வேறு வாழ்வையும் தடுத்த இந்தக் கொடுமையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பணியாத கிளாஸ்டன்பரி மடத்தின் முதிய தலைவர் ரிச்சர்ட் வைட்டிங்கை 1539 நவம்பரில் ஊர்க் குன்றின் மேல் தூக்கிலிட்டார்கள்.

நிலங்கள் பெரும்பாலும் 20 ஆண்டு வாடகைக்குச் சமமான விலையில் விற்கப்பட்டன. அந்தப் பணத்தின் பெரும்பகுதியை 1540களின் போர்கள் தின்றுவிட்டன. 1554இல் ஹென்றியின் மகள் மேரி அரசி ரோமோடு மறுபடி இணைந்தபோதும், வாங்கியவர்களிடமே நிலம் இருக்கட்டும் என்று போப்பின் தரப்பு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வாங்கியவர்களில் பலர் நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.