வளையம்தான், ஆனால் அளவு முக்கியம்

பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்ட உதவும் அடாப்டரைப் பற்றிய கட்டுரையில், "அடாப்டருக்குள் கண்ணாடி இல்லை, வெறும் வளையம்தானே, மலிவானதை வாங்குங்கள்" என்கிறார் கட்டுரையாளர். கண்ணாடி இல்லை, சரி. ஆனால் தூரத்தைத் துல்லியமாக வைப்பதுதான் அந்த வளையத்தின் வேலையே. எம்42 என்ற பழைய திருகு வகை லென்ஸின் மவுண்டிலிருந்து, அதாவது கேமராவோடு பொருந்தும் இடத்திலிருந்து, ஃபிலிம் வரை 45.46 மி.மீ. வேண்டும். சோனி இ மவுண்ட் கேமராவில் சென்சார் வரை இருப்பது 18 மி.மீ. மீதி 27.46-ஐ அடாப்டர்தான் நிரப்ப வேண்டும். தடிமன் துளி கூடினாலும் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது.

எனக்கு அதுதான் நடந்தது. அப்பா வைத்திருந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸை மலிவான வளையத்தில் மாட்டி, சிங்கப்பூர் மெர்லயன் சிலைப் பக்கம் நின்று எதிர்க்கரைக் கோபுரங்களை எடுத்தேன். ஃபோகஸை முடிவிலி (மிகத் தூரம்) வரை திருகியும் எல்லாம் மங்கல். தேக்காவில் பூக்கட்டுபவரின் விரல்களைக் கிட்டத்தில் எடுத்தபோது மட்டும் நூல்கூடத் தெளிவாக விழுந்தது. லென்ஸ் கெட்டுவிட்டதென்றே நினைத்தேன், வளையத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது.

அப்புறம், சில எம்42 லென்ஸ்களின் பின்னால் சின்ன ஊசி இருக்கும், அதை அழுத்தினால்தான் அப்பெர்ச்சர் (ஒளி புகும் துளை) சுருங்கும். ஏ/எம் (ஆட்டோ/மேனுவல்) சுவிட்ச் இல்லாதவற்றுக்கு, அதை அழுத்திப் பிடிக்கும் உள்விளிம்புள்ள அடாப்டரே வேண்டும். இல்லையென்றால் எஃப் எண்ணை எவ்வளவு திருப்பினாலும் அப்பெர்ச்சர் முழுசாகத் திறந்தே கிடக்கும்.

முடிந்தால் கேமராக் கடைகள் உள்ள கோல்மன் ஸ்திரீட் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குக் கேமராவோடு போங்கள். மாட்டிப் பாருங்கள், ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள். வாசலுக்கு வந்து தூரத்துக் கட்டடம் ஒன்றை ஃபோகஸ் செய்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது, அதனால் மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதை இயக்க மறக்காதீர்கள்.